விபிஎன் நெறிமுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வேகம், தனியுரிமை இரண்டுக்கும் ஒரு முழு வழிகாட்டி

விபிஎன் என்பது நம் இணையத் தரவைக் குறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதன் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போனால் ‘புரோட்டோகால்’, அதாவது நெறிமுறை, என்ற தலைப்பில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் யுடிபி, ஓபன்விபிஎன் டிசிபி, ஐகேஇவி2 என்று நான்கைந்து பெயர்கள். மேலே ‘தானியங்கி’ என்று ஒன்று. பலரும் அந்தத் தானியங்கியைத் தொடாமல் வெளியே வந்துவிடுவார்கள். நன்றாக ஓடும்வரை அதில் தவறில்லை. வேகம் குறையும்போதும், இணைப்பு அடிக்கடி அறுபடும்போதும், ஒரு நெட்வொர்க்கில் விபிஎன் ஏறவே மறுக்கும்போதும் அந்தப் பட்டியலில் எதைத் தொடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர்கார்டில் தொடங்குங்கள். அதை விட்டு விலகத் தெளிவான காரணம் கிடைத்தால் மட்டும் மாறுங்கள். அந்தக் காரணங்கள் என்னென்ன, அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, மாறினால் எதற்கு மாறுவது என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இன்னொன்றும் உண்டு. நெறிமுறை என்பது உங்கள் கருவிக்கும் விபிஎன் சர்வருக்கும் இடையிலான பாதையை மட்டுமே காக்கும். நடைமுறையில் தனியுரிமை உடைவது பெரும்பாலும் அந்தப் பாதைக்கு வெளியேதான். அதற்குக் கடைசிப் படியில் வருகிறேன். அதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: யாரிடமிருந்து மறைக்கிறோம்?

பொது வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது ஒரு தேவை. இணையச் சேவை தருபவர் நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்று குறித்து வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் வயர்கார்டு, ஓபன்விபிஎன், ஐகேஇவி2 மூன்றும் போதும். சரியாக அமைக்கப்பட்ட இவற்றின் குறியாக்கத்தை நேரடியாக உடைத்த வழி எதுவும் வெளியில் தெரிய வரவில்லை. ஆகவே இந்த இரு தேவை மட்டும் உள்ளவர்கள் வேகத்தையும் வசதியையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

நீங்கள் போய்ச் சேரும் வலைத்தளத்திடமிருந்து மறைய வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே குக்கீ, லாகின், பிரவுசரின் தனி அடையாளம் ஆகியவைதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். எந்த நெறிமுறையும் அதில் உதவாது. அதேபோல, இணையச் சேவை நிறுவனம் முன்பு பார்த்ததையெல்லாம் இனி விபிஎன் நிறுவனம் பார்க்க முடியும். நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். யாரிடம் மாற்றுகிறோம் என்பது நெறிமுறையைவிடப் பெரிய கேள்வி.

நான்காவது தேவை, விபிஎன் பயன்படுத்துகிறோம் என்பதே நெட்வொர்க்குக்குத் தெரியக் கூடாது என்பது. நெறிமுறைத் தேர்வு உண்மையிலேயே கனம் பெறுவது இங்கேதான்.

படி 2: பழையவற்றை முதலில் கழியுங்கள்

பிபிடிபி பட்டியலில் இருந்தால் தொடவே வேண்டாம். அது 1990களில் வந்தது. அதன் உள்நுழைவு முறையான எம்எஸ்-சாப் வி2வை உடைப்பது என்பது டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் ஒரே ஒரு சாவியைத் தேடும் வேலைதான் என்று பாதுகாப்பு ஆய்வாளர் மாக்ஸி மார்லின்ஸ்பைக் 2012இல் டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் காட்டினார். ஒரு நாளுக்குள் முடிகிற வேலை அது. ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10, மேக்ஓஎஸ் சியாரா ஆகியவற்றிலிருந்து பிபிடிபியை நீக்கிவிட்டது.

எல்2டிபி தனியாகக் குறியாக்கம் எதையும் செய்யாது. அந்த வேலையை ஐபிசெக் என்ற இன்னொரு முறையிடம் விட்டுவிடும். ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவின் ஒவ்வொரு சிறு துண்டும், இரண்டு முறை சுற்றப்படுவதால் வேகமும் குறையும். அதைவிட மோசம், சில விபிஎன் சேவைகள் இதற்கான பகிர்வுச் சாவியைத் தங்கள் உதவிப் பக்கத்திலேயே எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பது. அந்தச் சாவி தெரிந்த எவரும் நடுவில் உட்கார்ந்து சர்வர்போல நடிக்கலாம். எஸ்எஸ்டிபி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது மைக்ரோசாஃப்ட் உலகத்தைத் தாண்டி அதிகம் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் டிசிபி முறையில் மட்டுமே ஓடும். வேறு வழியில்லாத அலுவலகக் கணினி தவிர வேறெங்கும் அதற்குத் தேவை இருக்காது.

படி 3: விபிஎன் இல்லாமல் அளந்து வையுங்கள்

‘விபிஎன் போட்டதும் நெட் மெதுவாகிவிட்டது’ என்று சொல்கிறவர்கள் பலர் விபிஎன் இல்லாத வேகத்தை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். முடிந்தால் கம்பி வழி இணைப்பில் அளங்கள். வைஃபையில் அளந்தால் நெறிமுறையின் வேறுபாட்டைவிட வைஃபையின் ஏற்ற இறக்கமே பெரிதாகத் தெரியும். டவுன்லோடு, அப்லோடு, பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை அளந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில தடவை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுங்கள். நெறிமுறைகளை ஒப்பிடும்போது விபிஎன் சர்வர் ஒன்றே, நேரமும் ஏறக்குறைய ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நெறிமுறையை அளக்கிறீர்களா, சர்வரின் கூட்டத்தை அளக்கிறீர்களா என்றே தெரியாது.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப, நேர்கோட்டில் கேபிள் இருந்தாலே 100 மில்லிநொடி ஆகும். எந்த நெறிமுறையும் இதைக் குறைக்காது. வீடியோ கால் இழுக்கிறது, கேம் தடுமாறுகிறது என்றால் நெறிமுறையை மாற்றுவதற்கு முன் அருகிலுள்ள சர்வரை எடுத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: வயர்கார்டு

ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6இல் சேர்க்கப்பட்டது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. அதன் கெர்னல் பகுதி சுமார் 4,000 வரிதான். ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தனியாக உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட முடியும். தனியுரிமைக் கருவி ஒன்றுக்கு இதைவிட நல்ல தகுதி எனக்குத் தெரியவில்லை.

வேகத்துக்கு இரண்டு காரணங்கள். முதலாவது, லினக்ஸில் அது கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. சாதாரண ஓபன்விபிஎன் கெர்னலுக்கு வெளியே, பயனர் தளத்தில் ஓடுவதால் ஒவ்வொரு பாக்கெட்டும் கெர்னலுக்கும் நிரலுக்கும் இடையே போய்வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது, சாச்சா20 என்ற குறியாக்கம். ஏஇஎஸ் என்ற பரவலான குறியாக்கத்தை வேகமாகச் செய்யத் தனிச் சுற்று உள்ள பிராசஸர்களில் ஏஇஎஸ்ஸும் பறக்கும். அது இல்லாத மலிவான ரூட்டர்களிலும் பழைய போன்களிலும் சாச்சா20 தெளிவாக முந்தும். ரூட்டரிலேயே விபிஎன் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய வேறுபாடு.

வயர்கார்டில் குறியாக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அதை நிறையாகவே பார்க்கிறேன். தேர்வு இருக்கும் இடத்தில்தான் தவறான தேர்வும் நடக்கும். விண்டோஸின் உள்ளமைந்த ஐகேஇவி2 இயல்பு நிலையில் 1024 பிட் டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்றம் போன்ற பலவீனமானவற்றுக்கு ஒப்புக்கொள்வது அதற்கு நல்ல உதாரணம். அந்த அளவை ஓர் அரசின் வசதி உள்ளவர்கள் உடைக்கக்கூடும் என்று 2015இல் வந்த லாக்ஜாம் ஆய்வு எச்சரித்திருந்தது.

சரி, குறை என்ன? வயர்கார்டு சர்வரில் ஒவ்வொரு பயனருக்கும் சுரங்கத்துக்குள், அதாவது குறியாக்கப்பட்ட விபிஎன் பாதைக்குள், நிலையான ஒரு முகவரி தரப்படும். நீங்கள் கடைசியாக எந்த ஐபியிலிருந்து வந்தீர்கள் என்பதும் சர்வரின் நினைவில் தங்கும். சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு இது பொருட்டே அல்ல. ஆயிரக்கணக்கானோர் பகிரும் வணிகச் சேவையில் இது முக்கியம். நல்ல சேவைகள் இதற்கு வழி செய்திருக்கின்றன. நார்ட்விபிஎன் தன் நார்ட்லிங்க்ஸில், பயனரின் அடையாளம் சர்வரில் தங்காமலிருக்க, இரட்டை முகவரி மாற்றத்தை வைத்திருக்கிறது. முல்வாட் சிறிது நேரம் தொடர்பு இல்லாத பயனரின் பதிவை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறது. உங்கள் சேவை என்ன செய்கிறது என்பதை அவர்களின் உதவிப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அந்தச் சேவையில் ஓபன்விபிஎன்னை எடுங்கள். அல்லது சேவையையே மாற்றுங்கள்.

இனி, வயர்கார்டில் பலரைச் சுற்றலில் விடும் ஒரு சிக்கல்: எம்டியு. ஒரே தடவையில் போகக்கூடிய பாக்கெட்டின் அளவு அது. சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட். வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4இல் 60 பைட்டும், புதியதான ஐபிவி6இல் 80 பைட்டும் கூட்டும். அதனால்தான் அதன் இயல்பு எம்டியு 1420. கைபேசி நெட்வொர்க்கோ வேறு ஏதாவது இடைச்சுற்றோ வழியில் 1500ஐவிடக் குறைவாக இருந்தால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். அடையாளம் இதுதான்: விபிஎன் இணைந்துவிட்டது, பிங் போகிறது, சில தளங்கள் திறக்கின்றன, ஆனால் சில தளங்கள் பாதியில் நிற்கின்றன; கோப்பு ஏற்றினால் அசைவதே இல்லை. இப்படி நடந்தால் எம்டியுவை 1280க்கு இறக்கிப் பாருங்கள். ஐபிவி6 ஏற்கும் மிகக் குறைந்த அளவு அது. சரியாகிவிட்டால் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எதுவரை தாங்குகிறது என்று பார்க்கலாம். ‘வயர்கார்டு எனக்குச் சரிப்படவில்லை’ என்று அதைக் கைவிட்டவர்களில் பலருக்கு இந்த ஒரு எண்தான் தடை.

அப்புறம், ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்ற அமைப்பு. உங்கள் கருவி ரூட்டருக்குப் பின்னால் இருந்து, வெளியிலிருந்து வரும் தொடர்பையும் ஏற்க வேண்டுமென்றால் மட்டும் 25 நொடி வையுங்கள். சும்மா உலாவ மட்டும் விபிஎன் போடும் போனில் அது பேட்டரியைத் தின்னும்.

படி 5: வயர்கார்டு ஏறாத இடங்களில் ஓபன்விபிஎன்

போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் பாக்கெட்டை அனுப்பும் யுடிபி முறையில் மட்டுமே வயர்கார்டு ஓடும். சில அலுவலக, விடுதி, விமான நிலைய நெட்வொர்க்குகள் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) தவிர மற்ற யுடிபி எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும். அங்கே வயர்கார்டு ‘இணைகிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட்ஷேக், அதாவது இரு பக்கமும் முதலில் செய்யும் அறிமுகம், நடக்காது. பெறப்பட்ட பைட் பூஜ்யத்திலேயே நிற்கும். இதைப் பார்த்தால் நேரத்தை வீணாக்காமல் ஓபன்விபிஎன் டிசிபிக்கு, போர்ட் 443க்கு மாறுங்கள். வலைத்தளங்களுக்கான போர்ட் என்பதால் அதைப் பொதுவாக யாரும் அடைப்பதில்லை.

ஆனால் டிசிபியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். டிசிபிக்குள் இன்னொரு டிசிபி ஓடும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் வெளியே இருப்பதும் மறுபடி அனுப்பும், உள்ளே இருப்பதும் மறுபடி அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் காத்திருந்து காத்திருந்து, கொஞ்சம் பழுதான இணைப்பில்கூட வேகம் தரைமட்டமாகிவிடும். யுடிபி திறந்திருக்கும் இடத்தில் ஓபன்விபிஎன் வேண்டுமென்றால் யுடிபியிலேயே ஓட்டுங்கள்.

2001இல் ஜேம்ஸ் யோனன் தொடங்கிய ஓபன்விபிஎன் மெதுவானது என்ற பெயர் எப்போதும் பொருந்தாது. 2.6 பதிப்பு முதல் தரவைக் கெர்னலிலேயே கையாளும் டிசிஓ என்ற வசதி இருக்கிறது. சர்வரிலும் கருவியிலும் அது இருந்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அமைப்பில் சுருக்கம், அதாவது கம்ப்ரெஷன், இயக்கப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சுருக்கிய பின் தரவின் நீளம் மாறுவதை வைத்தே உள்ளே இருப்பதை ஊகிக்கும் வோரக்கிள் தாக்குதல் 2018இல் காட்டப்பட்டது.

விபிஎன் என்பதையே மறைக்க வேண்டியவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். போர்ட் 443இல் போவதாலேயே ஓபன்விபிஎன் வலைத்தளம்போலத் தெரிந்துவிடாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கில் சோதித்து, ஓபன்விபிஎன் இணைப்புகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் அடையாளம் காண முடிந்ததைக் காட்டினார்கள். வயர்கார்டைப் பிடிப்பது இதைவிட எளிது. அதன் முதல் ஹேண்ட்ஷேக் பாக்கெட் எப்போதும் 148 பைட், பதில் 92 பைட். ஆழமாகப் பார்க்கும் ஃபயர்வாலுக்கு அதுவே போதும். இப்படிப்பட்ட இடத்தில் தேவைப்படுவது நெறிமுறைக்கு மேல் ஒரு மறைப்பு அடுக்கு. ஷேடோசாக்ஸ், ஓபிஎஃப்எஸ்4 போன்றவை அதற்காகவே இருப்பவை. ஆப்பில் ‘மறைப்பு’, ‘ஸ்டெல்த்’ என்ற பெயரில் இருக்கலாம். வேகம் குறையும், அது இங்கே ஏற்க வேண்டிய விலை. விபிஎன் பயன்படுத்துவதே சட்டச் சிக்கலாகும் நாட்டில் இருப்பவர்கள் ஒரு கட்டுரையை நம்பி இறங்க வேண்டாம். அங்குள்ள சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: ஐகேஇவி2 எப்போது?

எந்த ஆப்பையும் நிறுவ அனுமதியில்லாத கருவி கையில் இருக்கும்போது. ஐபோன், மேக், விண்டோஸ், புதிய ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இது உள்ளேயே இருக்கிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பு அறுபடாமல் தொடர மோபைக் என்ற நீட்டிப்பு 2006 முதல் இதற்கு உண்டு. ஒரு காலத்தில் போனுக்கு ஐகேஇவி2தான் என்று எல்லோரும் சொன்னதற்கு அதுவே காரணம். வயர்கார்டும் அதே வேலையை இன்னும் எளிதாகச் செய்வதால் அந்தப் பரிந்துரை இன்று பழசாகிவிட்டது. வேகத்தில் ஐகேஇவி2 வயர்கார்டுக்கு அருகிலேயே நிற்கும். யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளை நம்பியிருப்பதால் அடைப்பதும் மிக எளிது. விண்டோஸில் பயன்படுத்தினால் மேலே சொன்ன பலவீனமான இயல்பு அமைப்பை மாற்றாமல் விடாதீர்கள்.

ஆப்பில் வேறு பெயர் ஏதாவது இருந்தால் பயப்பட வேண்டாம். நார்ட்லிங்க்ஸ் அடிப்படையில் வயர்கார்டுதான். எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் லைட்வே தனியாக எழுதப்பட்டது. அதன் மூலநிரல் வெளியில் இருக்கிறது. மூலநிரலும் வெளியிடாமல், எதை அடிப்படையாகக் கொண்டது என்றும் சொல்லாமல் ஒரு சேவை சொந்த நெறிமுறை என்று விற்றால் அதை நான் பயன்படுத்த மாட்டேன்.

பல ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய தரவை அனுப்புகிறவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இன்று பதிவு செய்து வைத்து, குவாண்டம் கணினி வந்த பிறகு உடைக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு எதிராகச் சேவை என்ன செய்கிறது? வயர்கார்டின் சாவிப் பரிமாற்றம் மட்டும் அதைத் தாங்காது. கூடுதலாக ஒரு பகிர்வுச் சாவியைச் சேர்க்க அதில் இடம் இருக்கிறது. அந்தச் சாவியைக் குவாண்டம் தாங்கும் முறையில் உருவாக்கித் தரும் சேவைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பொத்தான் இருந்தால் போட்டுவிடுங்கள். இணையும்போது கண நேரத் தாமதம் தவிர வேறு இழப்பு இல்லை.

படி 7: கசிவுகளை அடையுங்கள்

நெறிமுறையை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் தரவு சுரங்கத்துக்குள் போகவில்லை என்றால் பயனில்லை. 2024 மே மாதம் வெளியான டன்னல்விஷன் என்ற தாக்குதல் இதைக் கண்கூடாகக் காட்டியது. நீங்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கை நடத்துபவர் கருவிகளுக்கு முகவரி தரும் டிஎச்சிபி அமைப்பின் 121ஆம் விருப்பத்தைப் பயன்படுத்தி உங்கள் கருவிக்குப் புதிய பாதைகளைச் சொல்லிக்கொடுக்கலாம். தரவு விபிஎன்னுக்கு வெளியே நடந்துபோகும். ஆப் ‘இணைந்துள்ளது’ என்றே காட்டும். வயர்கார்டா ஓபன்விபிஎன்னா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஆண்ட்ராய்டு அந்த விருப்பத்தையே ஏற்பதில்லை என்பதால் அது மட்டும் தப்பியது. மற்ற கருவிகளில் சுரங்கத்துக்கு வெளியே போவதை ஃபயர்வால் விதியால் தடுக்கும் கில் ஸ்விட்ச் நல்ல தடுப்பு. நம்பாத வைஃபையை விட்டு, சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவது அதைவிட எளிது.

கில் ஸ்விட்ச் போட்டிருக்கிறோம் என்று நம்பிவிடாமல் சோதியுங்கள். பெரிய டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபையை அணைத்துப் போடுங்கள். விபிஎன் மறுபடி இணைவதற்கு முன் ஏதாவது தளம் திறந்தால் கில் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆண்ட்ராய்டில் ஆப்பின் பொத்தானைவிட சிஸ்டம் செட்டிங்ஸில் உள்ள ‘எப்போதும் இயங்கும் விபிஎன்’, ‘விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு’ ஆகிய இரண்டும் நம்பகமானவை.

அடுத்து டிஎன்எஸ். கசிவு சோதிக்கும் தளம் ஒன்றைத் திறந்து, வரும் பட்டியலில் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் எல்லாம் இன்னும் அவர்களிடமே போய்க்கொண்டிருக்கின்றன. வயர்கார்டைக் கையால் அமைப்பவர்கள் அமைப்புக் கோப்பில் டிஎன்எஸ் வரியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதே கோப்பில் அனுமதித்த ஐபி (AllowedIPs) என்ற இடத்தில் ஐபிவி4 முழுவதையும் போட்டுவிட்டு ஐபிவி6ஐ மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. அப்போது ஐபிவி6 உள்ள தளங்களுக்கு உங்கள் சொந்த முகவரியோடேயே போவீர்கள். இரண்டையும் சேருங்கள். சர்வரில் ஐபிவி6 இல்லையென்றாலும் அதைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டால் வெளியே போகாமல் அங்கேயே நின்றுவிடும். பிரவுசரில் வீடியோ காலுக்கான வெப்ஆர்டிசி வசதி உங்கள் உண்மையான முகவரியைக் கசியவிடுகிறதா என்பதையும் ஒருமுறை சோதியுங்கள்.

இந்தச் சோதனைகளைச் சிஸ்டம் அப்டேட் வரும்போதும், ஆப் அப்டேட் வரும்போதும், நெறிமுறையை மாற்றும்போதும் திரும்பச் செய்யுங்கள். வழக்கத்துக்கு வயர்கார்டு, அடைபட்ட இடத்துக்கு ஓபன்விபிஎன் டிசிபி 443 என்று இரண்டு அமைப்புகளையும் கருவியில் முன்கூட்டியே சேர்த்து, இரண்டிலும் தனித்தனியாகக் கசிவு பார்த்து வையுங்கள். விபிஎன் ஏறாத நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது அமைப்பைத் தரவிறக்கப் பார்த்தால், விபிஎன் இல்லாமலேயே முதலில் இணைய வேண்டியிருக்கும்.